ஆறுதலுக்காகச் சொன்ன பதில்

திசையன்விளையில் குழந்தைகளுக்கான சிறிய மருத்துவமனை ஒன்றை நடத்திவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே தெருவிலுள்ள ஆலயத்துக்குப் போவேன். என்னிடம் பிள்ளைகளைக் கொண்டுவருகிற பலர் ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்கிறவர்கள்தான்.

அவளும் அப்படித்தான். பாடகர் குழுவில் பாடுகிறவள்; கணவன் வளைகுடாவில் வேலைபார்க்கிறான். போன வருஷம் மழைக்காலத்தில் அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வாந்தியும் தலைவலியும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உபவாசமிருந்து ஜெபித்திருக்கிறாள். குழந்தை கழுத்து விறைத்து, கூப்பிட்டதற்குக் கண் திறக்காமல் போனபிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மூளைக்காய்ச்சல் என்று பார்த்ததுமே எனக்குப் பட்டது. முதல் ஊசியைப் போட்டு, பாளையங்கோட்டைப் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது.

வீடு திரும்பிய பிறகு அவள் என்னிடம் வந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. நான் முதல் நாளே கொண்டாந்திருந்தா எம்புள்ளைக்குக் காது போயிருக்காதுல்லா?"

நான் படித்த படிப்பு அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. மருந்து சீக்கிரம் போயிருந்தால் காது தப்ப வாய்ப்பு இருந்தது. உறுதியில்லை, ஆனால் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"எப்ப வந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். நீ உன்னையே போட்டு வதைக்காத" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படிப்பு சொல்லாததை ஞானம் சொல்ல வைத்தது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. ஏற்ற வார்த்தையைத் தந்ததற்காக அன்று ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

சில வாரம் கழித்து அவள் சபையில் எழுந்து, ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொன்னாள். "எப்ப போயிருந்தாலும் இதுதான்னு டாக்டரக்காவே சொல்லிட்டாவ. நான் ஜெபத்துல இருந்ததால எம்புள்ளைக்கு ஒரு நஷ்டமும் வரல" என்றாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்திக்காகக் குனிந்ததாக நினைத்திருப்பார்கள். அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு கொத்தனாரின் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். நிமோனியா. மூச்சு இழுக்க விலா எலும்பு உள்ளே போய்வந்தது. ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டே, "இம்புட்டு நேரம் என்ன செஞ்சீங்க?" என்று சத்தம்போட்டேன்.

அவள் மிரண்டுபோய்ச் சொன்னாள்: "முந்தாநேத்தே வரணும்னுதான் இருந்தோம். எப்ப வந்தாலும் ஒண்ணுதான்னு நீங்க சொன்னியளாம்லா. அதான் ஜெபம் பண்ணிட்டுப் பாப்போம்னு இருந்துட்டோம்."

அந்தக் குழந்தையையும் பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். தேறி வருகிறது என்று தகவல் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு போதகரிடம் கேட்டு, சபைக்கு முன்னால் நின்றேன். ஆறுதலுக்காக நான் சொன்னது உண்மையில்லை என்றேன். காய்ச்சல் கண்ட குழந்தை சோர்ந்துபோனாலோ மூச்சுவிடத் திணறினாலோ உடனே கொண்டுவர வேண்டும், ஜெபத்தை வழியிலும் செய்யலாம், மருந்தைக் கண்டுபிடிக்கிற அறிவும் ஆண்டவர் கொடுத்ததுதான் என்றெல்லாம் விளக்கினேன். தடுமாறாமல்தான் பேசினேன். முடித்ததும் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பாரம் இறங்கியதுபோல இருந்தது.

அப்போதுதான் பாடகர் வரிசையில் அவளைப் பார்த்தேன். முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். என்ன நடக்கிறதென்று தெரியாத குழந்தை அவள் தாடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அவளிடம் நான் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. அது என் நினைவுக்கே வரவில்லை.

மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லுததுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாக்கா? எல்லாரும் என்னைத்தான் பாத்தாவ."

"சொல்லியிருக்கணும். அன்னைக்கு நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும்" என்றேன். "சீக்கிரம் வந்திருந்தா தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். சொல்லப் பயந்துட்டேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இத மட்டும் அன்னைக்கு எங்கூட உக்காந்து சொல்லியிருந்தா, தாங்கியிருப்பேன்."

திரும்பி நடக்கையில் ஒன்று உறைத்தது. இரண்டு தடவையும் நான் பேசி முடித்த பிறகுதான் ஜெபித்திருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும், யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு தடவைகூட முன்னால் கேட்கவில்லை.

குழந்தையின் காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதால் அந்த ஏற்பாடுகளை நானே அலைந்து செய்தேன். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆபரேஷன் நாளில் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "நல்லாக் கேக்குமா?" என்றாள்.

"சத்தம் கேக்கும். பேச்சுப் புரிய ரொம்ப நாள் பயிற்சி வேணும். எவ்வளவு புரியும்னு இப்பச் சொல்ல முடியாதும்மா."

சரியென்று தலையாட்டினாள். பிறகு ஜெபிக்கச் சொன்னாள். "இன்னைக்கு நீயே பண்ணும்மா" என்றேன். அவளே ஜெபித்தாள். உள்ளே இருந்த டாக்டர்களின் கைகளுக்காகவும் குழந்தையின் பயம் நீங்கவும் வேண்டிக்கொண்டாள். என்னைக் குறித்து ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆமென் என்றேன்.