ஸுல்பிகாவின் கச்சான் பேய்

உன்னைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது ஸுல்பிகா தையல் மெசினை நிறுத்தவில்லை. "எழுது புள்ள, ஆனா என்ன நல்லவளாக்கிப் போடாத" என்றாள். ஆக்கத் தேவையில்லை, அவள் நல்லவள்தான். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

என் பெயர் ஹாஜறா. கல்முனையில் அவள் வீட்டு முன் அறையில் நாங்கள் இருவரும் அபாயா தைக்கிறோம். நான் வெட்டுவேன், அவள் தைப்பாள். அவளுடைய புருஷன் கத்தாரில் லொறி ஓட்டுகிறார். உம்மா கண்ணை மூடி மௌத்தான பிறகு வாப்பா ஸைனுலாப்தீன் அவளோடுதான் இருந்தார். ஒரே தம்பி முர்ஷித், அவள் தூக்கி வளர்த்தவன், கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. இத்தனை பொறுப்போடு இருக்கிறவளுக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. சோறு அடுப்பில் கொதிக்கும்போதுகூடப் போனில் விளையாடுவாள். நாற்பது வயதுப் பெண் செய்கிற வேலையா என்று நான் ஏசுவேன். "நீ தொலைக்காட்சி நாடகம் பாக்கிறாய்தானே" என்பாள்.

அவள் விளையாடியது தம்பி செய்த விளையாட்டு. அவனும் கூட்டாளிகள் சிலரும் சேர்ந்து செய்தார்கள். பெயர் 'வரம்போட்டம்'. சாரனை மடித்துக் கட்டிய சின்ன மனிதன் ஒருவன் வயல் வரம்பில் ஓடுவான், வாய்க்கால் பாய்வான், கூரைக்குக் கூரை தாவுவான், கடைசியில் கடற்கரை போய்ச் சேர வேண்டும். பாம்பு, நண்டு, கொக்கு என்று வழி மறிப்பதற்குப் பலதும் உண்டு. ஆனால் விளையாடுகிறவர்கள் பயந்தது கச்சானுக்குத்தான்.

கச்சான் என்பது எங்கள் பக்கத்தில் சிறுபோகக் காலத்தில் மேற்கிலிருந்து வீசுகிற காற்று. முகத்தை வறுத்துவிடும். அந்தக் காற்றைப் பேயாக்கியவள் ஸுல்பிகா. வாய் விரிந்த சாக்கு மாதிரி உடம்பு, வைக்கோல் தலை, ஊதிப் புடைத்த கன்னம். துணியில் குறி போடுகிற சோக்கால் என் வெட்டு மேசையிலேயே வரைந்து, படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். அவன் அப்படியே போட்டான். நான் மேசையைத் துடைக்க அரை நாள் போயிற்று.

அந்தப் பேயை வெல்ல முடியாது. சீட்டியடித்துக்கொண்டு வரும். எதிர்த்து ஓடினால் வாய்க்காலுக்குள் தள்ளும். வரம்போடு ஒட்டிக் குந்தி இருந்தால் ஊதி ஊதிக் களைத்து, ஒரு இருமல் இருமிவிட்டுப் போய்விடும். அடுத்த கட்டத்தில் திரும்ப வரும். இரண்டாம் பாகத்திலும் வந்தது, மூன்றாம் பாகத்திலும் வந்தது. அது வராவிட்டால் விளையாட்டே இல்லை என்று எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளெல்லாம் தம்பிக்கு எழுதினார்களாம்.

அந்தச் சீட்டியும் இருமலும் வாப்பாவுடையவை. ஸைனுலாப்தீன் மாமா நெல் தூற்றின காலத்தில் காற்று விழுந்துவிட்டால் அதைச் சீட்டியடித்துக் கூப்பிடுவாராம். மெசின் வந்து தூற்றுகிற வேலையை எடுத்துக்கொண்டது, சீட்டியை எடுக்கவில்லை. கடைக்குப் போனாலும் சீட்டி, குளித்தாலும் சீட்டி. முன் பல் ஒன்று விழுந்த இடைவெளியால் அந்தச் சத்தத்தின் முடிவில் ஒரு கீச்சு வரும். அது வேறு யாருக்கும் வராது. முர்ஷித் போனை நீட்ட, மாமா ஆசை தீர ஊதிக் கொடுத்தார். "பெத்த வாப்பாவப் பேயாக்கிட்டான் பாருங்க" என்று சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தார். குறைபோலச் சொன்னாலும் அதில் பெருமைதான் இருந்தது. தெருப் பிள்ளைகள் கச்சான் மாமா என்று கூப்பிட்டால் நின்று ஒரு தரம் ஊதிக் காட்டிவிட்டுத்தான் போவார்.

ஒன்றே ஒன்று மட்டும் மகனிடம் கேட்டிருந்தார். "அதக் கொல்ல மட்டும் விட்டிராத மகன். காத்தக் கொல்லேலாது." சரி வாப்பா என்று முர்ஷித் சொன்னதை ஸுல்பிகாவும் கேட்டாள், நானும் கேட்டேன்.

ஒவ்வொரு பாகத்தையும் வெளியே விடுவதற்கு முன் அவன் ராத்தாவுக்குத்தான் அனுப்புவான். மூத்த சகோதரி விளையாடிப் பார்த்து இது சரி, இது பிழை என்று சொன்னால்தான் அவனுக்கு மனம் ஆறும். அவளும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு உட்காருவாள். அப்படி ஒரு ஒட்டு அவர்களுக்குள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டு, ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

பிறகு மாமாவின் சுவாசப்பை பழுதாயிற்று. வார்ட்டில் கிடந்தார். முடியப் போகிறது என்று தெரிந்ததும் முர்ஷித் கொழும்பிலிருந்து ஓடி வந்தான். பின்னேரம், நோயாளிகளைப் பார்க்க வருகிற நேரம், வார்ட் முழுக்க ஆட்கள். அவன் தலைமாட்டில் குந்தி, போனை வாப்பாவின் முகத்தோடு அணைத்துப் பிடித்திருந்தான். மௌத்தாகப் போகிறவருக்குப் பக்கத்தில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதுவது எங்கள் வழக்கம். ஓதத் தெரியாதவர்கள், ஓதினால் அழுகை வந்துவிடுகிறவர்கள், இப்போது போனில் போட்டுக் காதோடு வைக்கிறார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. மெல்லிய சத்தத்தில் போட்டிருக்கிறான் என்றுதான் ஸுல்பிகா நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இடத்தில் வேறு யாருக்கு என்ன எண்ணம் வரும்?

அவள் சனத்தின் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்ஷ்" என்றாள், நீளமாக. தம்பி யாஸீன் போட்டிருக்கிறான், வாப்பாவுக்குக் கேட்கட்டும், கதையாதீர்கள் என்று கையைக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட வாயை மூடினார்கள். பிறகு அவள் குனிந்து மற்றக் காதில், உயிர் போகும்போது சொல்ல வேண்டிய கலிமாவைச் சொல்லிக் கொடுத்தாள். மாமாவின் மூச்சு இழுத்தது, நின்றது, திரும்ப இழுத்தது, கடைசியில் அந்தப் பல் இடைவெளியால் கீச்சென்று போயிற்று.

மையித்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் ஒரே கதையைத்தான் சொன்னாள். தம்பி கடைசிவரை வாப்பாவின் காதில் யாஸீன் வைத்தான், பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் அழாமல் இருந்தாள்.

நாலாம் பாகத்தை முர்ஷித் அவளுக்கு அனுப்பவில்லை. இப்போது அது கூட்டாளிகளின் விளையாட்டு இல்லை, பெரிய கம்பனி ஒன்று எடுத்துவிட்டது, வேலை கூடிப் போச்சு ராத்தா என்றான். அவளுக்கு மனம் சுருங்கினாலும் காட்டிக்கொள்ளவில்லை. ஊரோடு ஊராகத் தானும் போனில் இறக்கி, பகல் சோற்றுக்குப் பிறகு என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து விளையாடினாள். கடைசிக் கட்டத்தில் கச்சான் வந்தது. வழக்கம்போலக் குந்தினாள்.

"குந்தினாலும் போகுதில்ல புள்ள" என்றாள். பேய் களைக்கவேயில்லை. சாரன்காரனின் கையில் இந்த முறை நெல் புடைக்கிற சுளகு ஒன்று கொடுத்திருந்தார்கள். அதால் அடித்தால்தான் வழி விடும். அவளுக்கு விருப்பமில்லை. இரண்டு மூன்று தரம் வாய்க்காலில் விழுந்த பிறகு அடித்தாள். பேய் மல்லாக்க விழுந்தது.

முதலில் காற்று அடங்குவதுபோல நீளமாக ஒரு "ஷ்ஷ்ஷ்." அதன் பிறகு ஒரு மூச்சு இழுத்தது, நின்றது, திரும்ப இழுத்தது, கீச்சென்று போயிற்று. போனில் பூ மழை கொட்டி, வெற்றி என்று எழுதி வந்தது.

அவள் போனை என் காதில் வைத்து, அந்த இடத்தைத் திரும்பக் கேட்க வைத்தாள். அந்தக் கீச்சு எனக்கும் தெரிந்ததுதான். கச்சானைக் கொல்கிற ஒவ்வொருவருக்கும் ஸைனுலாப்தீன் மாமாவின் உயிர் பிரிகிற ஸக்கராத்து மூச்சு பரிசாகக் கிடைக்கிறது. சில பிள்ளைகள் அதை வெட்டியெடுத்து, போன் அடிக்கிற சத்தமாகக்கூட வைத்திருந்தார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முர்ஷித் வந்தான். சோறு போடுவதற்கு முன்னே அவள் கேட்டாள். அவன் முதலில் மறுத்தான். அது எங்கோ வாங்கின சத்தம், ராத்தாவுக்கு வாப்பாவின் நினைவு, அதனால் அப்படிக் கேட்கிறது என்றான். பொய் சொல்லும்போதும் அவன் முகம் எவ்வளவு அன்பாக இருந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

"முதல்ல வாற ஷ்ஷ் என்ட வாயால வந்தது, தம்பி" என்றாள் ஸுல்பிகா. "வார்ட்டுல நாந்தானே ஆக்களச் சத்தம் போடாதீங்க எண்டன். என்ட சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவன் தலையைக் குனிந்தான். வாப்பாவின் சத்தம் எங்களுக்கு இருக்கட்டும் என்றுதான், அன்றைக்கு யாஸீன் போடாமல், போனில் பிடித்தானாம். பிறகு கம்பனியில் பேய் சாகிற சத்தம் எதைச் செய்தாலும் சரிவரவில்லையாம். ஒரு நாள் இதைப் போட்டுக் காட்டியிருக்கிறான், அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் மயிர் கூச்செறிந்ததாம். தான் ஒன்றும் அறியாமல் செய்யவில்லை என்று காட்டுவதற்கு இன்னொன்றும் சொன்னான்.

"நீங்க கலிமாச் சொன்ன இடமெல்லாம் வெட்டிட்டன் ராத்தா. விளையாட்டுக்குள்ள அது வரப்படாதெண்டு."

"கலிமாவ வெட்டத் தெரிஞ்சவனுக்கு வாப்பாவ வெட்டத் தெரியல்லயா?"

அவன் அழுதான். அடுத்த அப்டேட்டில் எடுத்துவிடுகிறேன் என்று அல்லாஹ் மேல் சத்தியம் செய்தான். அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அவனுக்குச் சோறு போட்டாள், இறைச்சியில் நல்ல துண்டுகளாகப் பார்த்து வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானென்றால் சட்டியைக் கவிழ்த்திருப்பேன். அவளோ, தம்பி தப்புச் செய்தான், திருத்திக்கொள்வான், அவ்வளவுதானே என்றாள்.

அப்டேட் வந்தது. அவன் சொல் காத்தானா என்று அறிய ஒரு வழிதான் இருந்தது, பேயைத் திரும்பவும் கொல்ல வேண்டும். அவள் கடைசிக் கட்டம் வரை போனாள், கச்சான் முன்னால் வந்ததும் குந்திவிட்டாள். அது ஊதியது, இவள் சறுக்கினாள், எழும்பினாள், குந்தினாள். சுளகை எடுக்கக் கை வரவில்லை. கடைசியில் போனை என்னிடம் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் எத்தனை தரம் விழுந்தேன் என்று கேட்காதீர்கள். ஒருவாறு அடித்தேன்.

"ஷ்ஷ்ஷ்" இல்லை. அதை எடுத்துவிட்டான். மூச்சு இருந்தது. கொஞ்சம் தடிப்பாக்கி, கொஞ்சம் இழுத்து வைத்திருந்தான். முடிவில் அந்தக் கீச்சு அப்படியே.

எதால் பிடிபட்டானோ அதை மட்டும் வெட்டியிருக்கிறான். அந்த அடையாளத்தை நம்பிச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

அவள் அப்போதே போன் எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். சத்தம் எல்லாம் இப்போது கம்பனியின் சொத்து, எடுத்தால் ஏன் எதற்கு என்று அவனைக் கேட்பார்கள் என்று ஏதேதோ சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆருக்கும் தெரியா ராத்தா. இனி உங்களுக்கும் விளங்காதெண்டுதான் நெனச்சன்" என்றான். அவள் ஓம், சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அன்றைக்கு அவள் தைத்த அபாயாக் கையெல்லாம் கோணல். நான் அவிழ்த்துத் தைத்தேன்.

வாப்பா மௌத்தாகி வருசம் நிறைந்ததற்கு ஓதுகிற கத்தம் அவள் வீட்டில் நடந்தது. முர்ஷித் வெள்ளைச் சட்டையோடு வந்து ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். உள்ளே பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், நாங்கள் சகன் என்கிற பெரிய சோற்றுத் தட்டுகளை அடுக்குகிறோம், வீடு சந்தையாக இருந்தது. அவன் யாஸீன் ஓதப் போனைக் கையில் எடுத்தான். வழக்கம்போல வீட்டை அடக்கித் தரச் சொல்லி ராத்தாவைப் பார்த்தான்.

அவள் கதவடியில் நின்றாள், கையில் சகன். உதட்டுக்கு விரல் போகவில்லை.

"கதைக்கட்டும் தம்பி" என்றாள் எல்லோருக்கும் கேட்க. "அண்டைக்கு வார்ட்டுல நான் சத்தத்த அடக்கித் தந்ததே உனக்குப் போதும்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியது. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, வெறுங்கையோடு குனிந்து இருந்தான். உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் சகனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வந்தாள்.