இருபத்து மூன்றாம் எண் பையில் வந்த மண்

துபாயில் ஒரு கிளப்பின் கால்பந்து ஆட்டக்காரர்களுக்குப் பத்தொன்பது வருடமாகத் துணி துவைக்கிறேன். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட ஒரு சட்டையில் சேறு பார்த்ததில்லை. ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பந்து ஆடிவிட்டு வருகிறவன் சட்டையில் சேறு இல்லாமல் எப்படி என்று கேட்கிறார்கள். இங்கே புல்லைக் குழாய்த் தண்ணீர் விட்டு, பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்க்கிறார்கள். புல்லுக்கு அடியில் மணல். விழுந்து எழுந்தால் பச்சைக் கறை படும், முழங்காலில் கொஞ்சம் மணல் ஒட்டும், உதறினால் போய்விடும். மற்றதெல்லாம் வியர்வை. ஆகஸ்ட் மாதத்தில் அது காய்ந்து, சட்டையின் முதுகில் உப்பு வெள்ளைக் கோடாக நிற்கும். அதைப் பார்த்தே யாருக்கு உடம்பு சரியில்லை, யார் இன்று ஓடாமல் ஏமாற்றினான் என்று என்னால் சொல்ல முடியும்.

அதனால்தான் போன சீசனில் ஒரு சனிக்கிழமை காலை, மெஷினின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் சிவப்பாகச் சுழன்றதைப் பார்த்தபோது எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. ரத்தம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, சாயம் என்று நினைத்தேன். எங்கள் வேலையில் சாயம் ரத்தத்தைவிட மோசம். அதே மெஷினுக்குள் பயிற்சிக்குப் போடும் வெள்ளைச் சட்டைகள் கிடந்தன. எவனோ ஒருவனின் சிவப்புத் துணி சாயம் விட்டு, அத்தனை சட்டையும் ரோஜாப்பூ நிறத்தில் வெளியே வரப்போகிறது, என்னை ஆபீசில் கூப்பிடப் போகிறார்கள், அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டிய என் விசா பேப்பர் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது என்று, மெஷின் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் நான் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். என் மனது அப்படி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; படித்தவர்களுக்கு ஒரு வேலை போனால் இன்னொன்று இருக்கும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. ரூம் கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, மறுபடி ஏறிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். சத்வாவில் என்னோடு தங்கியிருப்பவர்கள் அதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் எண் போட்ட ஒரு வலைப்பை உண்டு. கழற்றியதையெல்லாம் அதில் போட்டு வாயைக் கட்டி, கொக்கியில் மாட்டிவிட்டுப் போவான். நாங்கள் பையைத் திறக்கவே கூடாது. கட்டியது கட்டியபடி மெஷினில் போட்டு, கட்டியபடி காயவைத்து, அதே கொக்கியில் மாட்ட வேண்டும். சாமான் காணோம் என்ற பேச்சு வராமல் இருக்க யாரோ போட்ட ரூல். அந்த வாரம் லாக்கர்களுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். லாக்கரில் இருந்ததை எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். இருபத்து மூன்றாம் எண் பையில் ஒரு துவாலை உருட்டிக் கிடந்ததை வெளியிலிருந்தே பார்த்தேன். துவாலை தினமும் வருகிற சாமான்தானே என்று உள்ளே தள்ளிவிட்டேன்.

இருபத்து மூன்று என்றால் ஜெனில்சன். பிரேசில்காரன், இருபத்தொரு வயது. அவனுடைய நாட்டிலிருந்து இப்படிப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் பையன்களைக் கொண்டுவந்து இங்கேயே வைத்து வளர்க்கிறார்கள். சில வருடம் இருந்துவிட்டால் இந்த நாட்டுக்காகவே ஆடலாம் என்கிறார்கள். அப்படி ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக இரண்டு வருட விசாவில் இருக்கிற எனக்கு இதைக் கேட்டுப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பையன்மேல் பொறாமைப்பட முடியாது. மாட்டின பையை எடுக்க வரும்போது, என் இடுப்புக் கொத்திலிருக்கும் லாக்கர் சாவிக்காக 'ஷாவி, ஷாவி' என்று கையை நீட்டுவான். சாவிக்கு அவன் மொழியிலும் அதே பெயர்தான் என்று தெரிந்த நாளில் நானும் அவனும் சிரித்த சிரிப்பை ஸ்டோர் இன்சார்ஜ் ஹம்சாக்கா வந்துதான் நிறுத்தினார். மலையாள முஸ்லிம்கள் அண்ணனை 'இக்கா' என்பார்கள், அதனால் ஹம்சா எங்களுக்கு ஹம்சாக்கா.

மெஷின் நின்றது. வெள்ளைச் சட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, லேசான மங்கல்தான். வாய் அவிழ்ந்திருந்த இருபத்து மூன்றாம் பையிலிருந்து துவாலை விரிந்து, அதற்குள்ளிருந்து பச்சையும் வெள்ளையும் பட்டை போட்ட ஒரு பழைய சட்டை எட்டிப் பார்த்தது. எங்கள் கிளப் சட்டை இல்லை. முதுகில் எட்டு. அக்குளில் கையால் தைத்த தையல். நெஞ்சிலும் ஓரத்திலும் செங்கல் நிறத்தில் சேறு இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சேறு. அப்போது நான் செய்ததுதான் தப்பு. அப்படியே பையில் வைத்துக் கட்டியிருந்தால் ரூல் என்னைக் காப்பாற்றியிருக்கும். பாதிக் கறையோடு திருப்பிக் கொடுத்தால் வேலை தெரியாதவன் என்று சொல்வான் என்று பயந்தேன். கறை எடுக்கும் மருந்தைப் போட்டு, தையல் ஓரமெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, தனியாக இரண்டாவது தடவை போட்டேன். பளிச்சென்று வந்தது. இஸ்திரி வேறு போட்டு, மடித்து, நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாராட்டுவான் என்று நினைத்தேன்.

ஜெனில்சன் சட்டையை விரித்தான். திருப்பினான். தையல் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிரித்த சிரிப்பு என் முகத்திலேயே நின்றுவிட்டது. அவன் சட்டையோடு எழுந்து போனான். ஞாயிறும் திங்களும் என் பக்கம் திரும்பவில்லை. 'ஷாவி' என்றும் கேட்கவில்லை.

ஒரு ஆட்டக்காரன் ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் அப்படித்தான் போனார். ஹம்சாக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். மலப்புறத்துக்காரர், பந்து என்றால் உயிர். அவர் சட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை, பையைப் பற்றித்தான் கேட்டார்.

"எடா சகாயம், பையைத் தொறக்காம போட்டே. அது ரூல். ரெண்டாவது தடவெ போட்டது நீயும் நானும் மெஷினும் மாத்ரம்தான் அறியும். மெஷின் பேசாது. நீயும் பேசண்டா."

ஊருக்குப் போன் போட்டபோது மனைவி லில்லியிடமும் சொன்னேன். "துணி தொவைக்கதுக்குத்தான ஒங்களுக்குச் சம்பளம் தாரான்? நல்லா தொவச்சதுக்காக எவனாவது வேலய விட்டு நிறுத்துவானா? போய்ச் சோறு தின்னுங்க," என்றாள். சோறு இறங்கவில்லை.

ஹம்சாக்கா விடியற்காலையில் எழுந்து பிரேசில், அர்ஜென்டினா கிளப்புகளின் ஆட்டத்தை மொபைலில் பார்ப்பவர். அவர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. முன்பெல்லாம் அங்கே ஒரு டீமின் பதினொரு பேர் பெயரையும் மனப்பாடம் செய்தால் நாலு வருடத்துக்கு அது செல்லும். இப்போது பெயரைப் படித்து முடிப்பதற்குள் பையன் ஐரோப்பாவில் இருக்கிறான், இல்லையென்றால் இங்கே நம் கொக்கியில் பை மாட்டுகிறான் என்பார். மிச்சம் இருப்பது பதினேழு வயதுக் குழந்தைகளும், போய்விட்டு முழங்கால் தேய்ந்து திரும்பிய கிழவர்களும்தான் என்பார். நடுவில் ஆளே இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கரை ஞாபகம் வரும். கன்னியாகுமரிக்கு மேற்கே கடலோரத்தில் மீனவர் ஊரைக் கரை என்போம், ஒவ்வொரு கரைக்கும் ஒரு டீம் உண்டு. நான் எங்கள் கரைக்குக் கோலி, அதாவது கோல்கீப்பர்; நல்ல கோலி என்று சொல்ல மாட்டேன், பந்து வருவதற்கு முன்பே விழுந்துவிடுவேன். ஒரு ஈஸ்டர் போட்டிக்கு முந்தின மாதம் எங்கள் டீமில் நாலு பேருக்கு ஒன்றாக விசா வந்தது. அதில் நானும் ஒருவன். சந்தோஷமாகத்தான் போனேன். இப்போது எங்கள் கரை ஈஸ்டருக்கு டீம் இறக்க வேண்டுமென்றால், பக்கத்துக் கரையில் ஆள் கேட்கிறது. பக்கத்துக் கரையிலும் இருப்பவர்கள் பள்ளிக்கூடப் பையன்களும் லீவில் வந்தவர்களும்தான். ஜெனில்சனுடைய ஊரும் எங்கள் கரையும் ஒரே தொழில்தான் செய்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. அவனைக் கொண்டுவர அவனுடைய கிளப்புக்குப் பணம் கொடுத்தார்கள். நான் வர என் வீட்டார் பணம் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் அவனே வந்தான். போனை நீட்டி ஏதோ பேசினான். போன் அதைத் தமிழில் சொன்னது. செய்தி வாசிப்பவரைப் போன்ற ஒரு பெண் குரல். அவன் ஊர்க் கிளப் இப்போது இல்லை என்றது. வருடத்துக்கு ஒரு பையனை விற்று அதில் ஓடிக்கொண்டிருந்த கிளப் அது. கடைசியாக விற்றது அவனைத்தான். அதற்குப் பிறகு விற்க ஆள் இல்லை. மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட். அவன் புறப்படுவதற்கு முன் ஆடிய கடைசி ஆட்டத்தில் கொட்டும் மழை, முழங்கால் அளவு செம்மண் சேறு. அந்தச் சட்டையைத் துவைக்காமல் மூன்று வருடமாக வைத்திருந்தான். பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் வைத்தவன், மறந்து கொக்கியில் மாட்டிவிட்டான். அந்தக் குரல் கடைசியாக இதையும் சொன்னது:

"தாங்கள் வருந்த வேண்டாம். இயந்திரம் அறியாது."

நான் தலையை ஆட்டினேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான், தப்பித்தாயிற்று, ஆபீசுக்குப் போகமாட்டான். நியாயமாக அன்று நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். முதல் தடவையோடு விட்டிருந்தால் தையல் ஓரத்திலாவது அவன் மைதானம் மிச்சம் இருந்திருக்கும். அதைப் பிரஷ் வைத்துத் தேய்த்தது இயந்திரம் இல்லை. சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், கோபத்தில் யாரிடமாவது சொல்வான், விசா பேப்பரில் இன்னும் கையெழுத்து விழவில்லை. சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதும் அந்தப் பிரஷ் என் கையில் இருக்கும். இரண்டு நாள் இதே கணக்கு.

வியாழக்கிழமை மெஷினின் அடியில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நாள். நூலும் முடியும் பஞ்சும் மணலும் அங்கேதான் வந்து சேரும். மூடியைத் திருகி இழுத்தேன். வழக்கமான சாம்பல் நிறப் பஞ்சுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு கைப்பிடிச் சேறு. அதைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. பேப்பர் தட்டில் பரப்பி, ஏசி காற்று படுகிற இடத்தில் வைத்துக் காயவிட்டேன். ஹம்சாக்கா பார்த்தார், என்னைப் பார்த்தார், "நின்டெ தலையெழுத்து," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜெனில்சன் வந்ததும் போனை வாங்கினேன். என் ஊர்ப் பேச்சு அதற்குப் புரியாது. அதனால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவனைப்போல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "இரண்டாவது முறை நான் துவைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத் துவைத்தேன்." போன் அதை அவனிடம் சொல்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, எமிக்ரேஷன் கவுண்டரில் பாஸ்போர்ட்டைப் புரட்டுகிற நேரம்போல் இருந்தது. அவன் முகம் இறுகியது. நான் தட்டை நீட்டினேன்.

அவன் அதைத் தரையில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தான். எங்கள் கிளப் துவாலையின் நீல நூலை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்துப் போட்டான். பிறகு மணலைப் பிரிக்கப் பார்த்தான். ஊதினால் செம்மண்தான் முதலில் பறந்தது. சட்டென்று கையால் மூடிக்கொண்டான். கொஞ்சம் எடுத்து முகர்ந்துவிட்டு, "சபாவ்ன்," என்றான். சோப்பு. அரபியிலும் ஏறக்குறைய அதே சொல் என்பதால் போன் தேவைப்படவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவனோ தன் பையிலிருந்து ஒரு சத்து மாத்திரை பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்த மாத்திரைகளைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, தட்டை மடக்கிப் பிடிக்கும்படி எனக்குச் சைகை காட்டினான். ஒரு துளி சிந்தாமல் இரண்டு பேருமாகக் கொட்டினோம்.

ஆபீசில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. விசா இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஜெனில்சனைத்தான் கூப்பிட்டார்கள். ஜனவரியில் அவனைத் தோஹாவில் ஒரு கிளப்புக்கு லோனாக அனுப்பினார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆளை இரவல் கொடுக்கிறார்கள். இந்த நாட்டுக்காக ஆடலாம் என்ற பேச்சு என்ன ஆயிற்று என்று அவனிடமும் கேட்கவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது. புறப்படும் அன்று சட்டையைக் காட்டினான். கையில் தனியாக வைத்திருந்தான், எந்தப் பையிலும் போடவில்லை. பாட்டிலை என்னிடம் நீட்டினான். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன், அது அவனுடையது இல்லையா. அவன் போனை எடுக்கவில்லை. என் பின்னால் இருந்த அலமாரியைச் சுட்டி, "அர்மாரியோ," என்றான். பிறகு என் இடுப்பில் தொங்கியதைச் சுட்டி, "ஷாவி," என்றான். பூட்டி வைக்கிற அளவுக்கு ஒரே இடத்தில் இருக்கிற ஆளாக அவனுக்கு நான் தெரிந்திருக்கிறேன்.

அந்தப் பாட்டில் என் அலமாரியில், கறை எடுக்கும் மருந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். இரண்டு வருடம் கழித்து என்னை அனுப்பிவிட்டால் இதை என்ன செய்வது என்ற பயம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. தோஹாவில் அவன் இன்னும் இருப்பானா, அதற்குள் வேறு எங்கே இரவல் போயிருப்பானோ தெரியாது. ஊருக்குக் கொண்டுபோனால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இது எந்த நாட்டு மண் என்று கேட்பார்கள். சில நாள் எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். குலுக்கக் குலுக்கச் சிவப்பு கண்ணுக்குத் தெரிகிறது. கையை நிறுத்தியதும் அது அடிக்குப் போய்விடுகிறது, மேலே இந்த ஊர் மணல் வந்து மூடிக்கொள்கிறது.