சட்டசபையா, சட்டமன்றமா? ஒரு பிளெக்ஸ்காரனின் திண்டாட்டம்

பிளெக்ஸ் தொழிலில் எழுத்துப்பிழையை மன்னித்துவிடுவார்கள், பதவிப்பிழையைச் சாகும்வரை மன்னிக்க மாட்டார்கள். தென்காசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துத் தள்ளும் எனக்கு இது நன்றாகத் தெரியும். உங்களில் யாராவது இதே கீபோர்டில் மாட்டிக்கொண்டிருந்தால் வாருங்கள், சேர்ந்து தலையைச் சொறியலாம்.

எந்த மன்றம்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிய நேரம். அருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தான் விற்கும் செல்லத்தாய் அக்கா ஒரு போர்டு அடிக்க வந்தார். அவர்கள் கடை வரிசையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்களாம். அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தாகத்தோடு உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை! எனக்குக் கேட்கவே சங்கடமாக இருந்தது.

'கோரிக்கை' என்று பெரிதாகப் போட்டேன். யாரிடம் கோரிக்கை? எம்.எல்.ஏ. ஆபீசில் எம்.பி.யைப் பார்க்கச் சொன்னார்களாம். எம்.பி. ஆபீசில் உள்ளாட்சி மன்றத்தில் கேள் என்றார்களாம். "சட்டமன்றமா, நாடாளுமன்றமா, உள்ளாட்சி மன்றமா, எதை அடிக்க அக்கா?" என்றேன்.

"எனக்கு மன்றம் ஒண்ணும் வேண்டாம் தம்பி. கதவுள்ள ஒரு ரூம் போதும்."

எங்க ஆளுக்கு எது நீளம்?

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அக்காவை அனுப்பிவைத்தேன். மேலகரத்திலிருந்து ஒரு கட்சி அண்ணாச்சி, தலைவரின் பிறந்தநாள் போர்டுக்கு வந்தார். 'சட்டமன்ற உறுப்பினர்' என்று அடித்திருந்ததை 'சட்டப்பேரவை' என்று மாற்றச் சொன்னார். கூட வந்த அவருடைய மாமா, "நாங்கல்லாம் சட்டசபைன்னுதான் சொல்லுவோம்" என்று இழுத்தார். எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெளிவும் போய்விட்டது. "கழிப்பறை வேணும்னா மன்றத்துல கேக்கணுமா, பேரவைலயா அண்ணாச்சி?" என்றேன்.

"ஏலே, மூணும் ஒரே கட்டடந்தாம்லே. எங்க ஆளுக்கு எது நீளமா இருக்கோ, அதப் போடு."

இரண்டு எம்.பி.

புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு இரண்டு எம்.பி.க்களை அழைத்திருந்தார். ஒருவர் மக்களவை, இன்னொருவர் மாநிலங்களவை. யார் படம் பெரிது? அளவு மாறினால் பந்தலில் சண்டை வரும், பழி என் தலையில் விழும். ஒருவரை ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள், இன்னொருவரை எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அப்போ ஒருத்தர் தோட்டத்துல நேரா எடுத்த காய், இன்னொருத்தர் மண்டி வழியா வந்த காய். ரெண்டையும் ஒரே சைஸ்ல போடும்."

கட்டாததற்கு நன்றி

செல்லத்தாய் அக்கா மறுபடி வந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கோரிக்கை வேண்டாம், நன்றி போர்டாக அடி என்றார். கட்டாத கழிப்பறைக்கு நன்றியா என்று முழித்தேன். கோரிக்கை போர்டை எவனும் நின்று படிப்பதில்லை, நன்றி போர்டு என்றால் தன் பேர் இருக்கிறதா என்று பார்க்க எல்லா ஆபீசிலிருந்தும் ஓடிவருவார்கள் என்றார். நானும் ஆசையாகவே அடித்தேன், 'பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தந்த' என்பதுவரை. அதற்குமேல் விரல் ஓடவில்லை. "பேரவையா, மக்களவையா, யாரு பேரைப் போட அக்கா?"

"அந்த எடத்த வெறுமையா விடு தம்பி. யாரு கட்டுதாகளோ, அவுகளே வந்து எழுதிக்கிடட்டும்."

போர்டு ஏறிய மறுநாளே எல்லா ஆபீசிலிருந்தும் ஆள் வந்து, தங்கள் தலைவர் படம் அந்தக் காலி இடத்தில் கொள்ளுமா என்று அளந்துவிட்டுப் போனார்கள். கழிப்பறைக்கு இடம் அளக்கத்தான் எந்த அவையிலிருந்தும் இன்னும் யாரும் வரவில்லை.