நான் வெட்டிய மூன்றாவது நூல்

என் மகள் இரண்டரை வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசாததற்குக் காரணம் இந்திதான் என்று நான் உறுதியாக நம்பினேன். இதில் அரசியல் எதுவும் இல்லை. நான் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மெஷின் மெக்கானிக். துணியில் கோடு விழுந்தால் முதலில் நூலைத்தான் சந்தேகப்படுவேன். நூல் சுற்றிய வேறு கோன் ஒன்று தவறிக் கலந்திருக்கும். மெஷினை நிறுத்தி அந்த நூலை வெட்டிவிட்டால் துணி சுத்தமாக வரும். இருபத்திரண்டு வருட அனுபவம். இது குழந்தைக்குச் செல்லாது என்று சொன்னவள் ஒருத்திதான். அவள் என் மனைவி என்பதால் நான் கேட்கவில்லை.

மண்ணரையில் எங்கள் லைன் வீட்டில் மூன்று கோன் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசுவது இந்த ஊர்த் தமிழ். மனைவி திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் இருவரும் கம்பெனிக்குப் போனதும் மகளைப் பார்த்துக்கொண்டது இரண்டு வீடு தள்ளியிருந்த பீகார்ப் பெண். வீட்டிலேயே உட்கார்ந்து தைத்த பனியன்களில் பிசிறு வெட்டுவாள், பக்கத்தில் என் மகள் இருப்பாள். அங்கே நாள் முழுக்க இந்தி.

முதலில் காது கேட்கவில்லையோ என்று பயந்தேன். மகளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். அவள் நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓடி வந்தார்.

“ஏனுங்க, ஊட்டுல சண்டைங்களா?”

“இல்லீங்க, டெஸ்ட்டுங்க” என்றேன். அவர் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆறுதல் சொன்னார். “நானும் நாலு வயசு வரைக்கும் பேசலீங்களாமா.”

“அந்தப் பாக்கியைத்தான் இப்ப எங்க தலையில தீர்த்துட்டு இருக்கறீங்களாக்கும்” என்றாள் செக்கிங் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்ப் போனில் தேடினேன். ‘குழந்தை பேசவில்லை ஏன்’ என்று கேட்டால் போன் ஆயிரம் பதில் சொல்கிறது. அதில் ஒருவர் மொழிக் குழப்பம் என்று எழுதியிருந்தார். எனக்கு வேண்டிய பதில் அதுதான். கோன் கலந்திருக்கிறது. பீகார்ப் பெண்ணிடம் இனி மகளை விடவேண்டாம் என்று வீட்டில் சொன்னேன்.

“அவகிட்டதான் புள்ள சிரிக்கா. அதையும் வெட்டிப்போட்டு என்னத்தக் கிழிக்கப் போறிய?” என்றாள் மனைவி.

“புள்ள மண்டைக்குள்ள சிக்கு விழுந்திருக்குது.”

“ஒங்க மண்டைக்குள்ளன்னு சொல்லுங்க.”

மறுநாள் அந்தப் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தி மெஷின் ஓட்டவும் டீ சொல்லவும்தான் போதும். “நாளையிலிருந்து பாப்பா வராது” என்பதைப் பாதி தமிழும் பாதி கையுமாகச் சொன்னேன். அவள் கத்திரியைக் கீழே வைத்தாள்.

“நான் என்ன தப்பு பண்ணிச்சு, அண்ணா?”

ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல எனக்கு இந்தி வரவில்லை. தமிழில் சொல்லியிருக்கலாம்.

மனைவி வேலையை விட்டு வீட்டில் இருந்தாள். வீட்டுக்குள் ஒரே மாதிரித் தமிழ்தான் பேசவேண்டும் என்று சட்டம் போட்டேன், அவள் ஊர்ப் பேச்சும் கூடாது என்று. அவள் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசத் தொடங்கி, கடைசியில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பேச்சு வரவேண்டிய வீட்டில் இருந்த பேச்சும் போயிற்று.

மகள் காலையில் எழுந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு நாள் நின்றாள். பன்னிரண்டாம் நாள் நிற்கவில்லை. சிக்கு எடுபட்டுவிட்டது என்று நினைத்து ஷிப்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மாதமே பீகார்ப் பெண்ணின் கணவன் வேலை பார்த்த பெருமாநல்லூர் கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. அவர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். போகும்போது அவள் எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டாளாம். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள், மகளையும் தூக்கிக்கொண்டு.

நான்கு மாதம் ஒரே கோன் ஓடியும் ஒரு சொல் வரவில்லை. முன்பு விரல் நீட்டிக் காட்டுவாள். அதுவும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் குழந்தை வளர்ச்சி மையத்துக்குப் போனோம். அங்கே சின்ன வயது மனநல நிபுணர் ஒருவர், மகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, பழைய வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மனைவி போனில் ஒன்று இருந்தது.

பீகார்ப் பெண்ணின் மடியில் பனியன் குவியல். மகள் ஒரு சிவப்புப் பிசிறை எடுத்து ஊதுகிறாள். அது ஃபேன் காற்றில் பறக்கிறது. மகள் விரலை நீட்டுகிறாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறாள், மறுபடி பிசிறைப் பார்க்கிறாள். அந்தப் பெண் “உட் கயா” என்கிறாள், பறந்து போச்சு என்று. மகள் “ஊ” என்கிறாள். அடுத்த பிசிறை அவள் எடுத்து நீட்டுகிறாள். இப்படியே மூன்று நிமிடம்.

நிபுணர் அதை இரண்டு தடவை பார்த்தார்.

“பொருளைப் பார்க்கறா, ஆளைப் பார்க்கறா, திரும்பப் பொருளைப் பார்க்கறா. நீயும் பார்த்தியான்னு கேக்கறா. பேச்சு இங்கிருந்துதான் முளைக்குது.”

“மூணு பாஷை குழப்பிடுச்சுங்களா?”

“இல்லீங்க. எத்தனை பாஷை கேட்டாலும் அதனால பேச்சு நிக்காது. பாப்பாவுக்குத் தாமதம் முன்னாடியே இருந்திருக்கு, அது யார் தப்பும் இல்லீங்க. வீடியோல இருக்கற இவங்க தெரியாமலே நல்ல தெரபி பண்ணிட்டு இருந்திருக்காங்க. அடுத்த தடவை இவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

“சரிங்க” என்றேன். மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

பீகார்ப் பெண்ணின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. பெருமாநல்லூரில் கேட்டேன், வீரபாண்டியில் அவர்கள் ஊர்க்காரர்கள் தங்கும் அறைகளில் வீடியோவைக் காட்டிக் கேட்டேன். லூதியானா என்றார் ஒருவர், சூரத் என்றார் இன்னொருவர். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளக்கூட அத்தனை நாளில் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

வாரம் மூன்று நாள் தெரபிக்குப் போனோம். தரையில் உட்கார்ந்து பிசிறு ஊத நானும் கற்றுக்கொண்டேன். மகள் மீண்டும் விரல் நீட்ட ஏழு மாதம் ஆயிற்று. முதல் சொல்லை நான்கு வயது முடிந்த பிறகு சொன்னாள், தண்ணி என்று. இப்போது ஆறு வயது, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறாள். போன வாரம் அந்த வீடியோவைக் காட்டினேன். இது யாரு என்று கேட்டாள்.