ஓரகத்தி வீட்டு நாயைவிடப் பெரிய நாய்

என் ஓரகத்தி வீட்டில் ஒரு பொமரேனியன் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மூட்டை மாதிரி. அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. என்னை அது கடித்ததில்லை, குரைத்ததுகூட இல்லை. என் மகளைப் பிடுங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

நான் மீன் விற்கிறவள். இருட்டோடு எழுந்து பழவேற்காடு ஏலத்துக்குப் போய், எடுத்த எறாவையும் நண்டையும் பொன்னேரி மார்க்கெட்டில் விற்றுவிட்டு எங்கள் ஊரான தோணிரேவுக்குத் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை மகளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டிலிருக்கும் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. தலை வாரிவிடுவாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள், வந்ததும் டீ போட்டுக் கொடுப்பாள். நல்ல மனுஷிதான். எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவளாக இருந்தால் தெருவே பார்க்க ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டிருப்பேன்.

நாய் வந்த பிறகு, நான் வீடு திரும்பினாலும் மகள் திரும்புவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "பெரிம்மாகிட்ட துன்னுட்டேம்மா" என்று அங்கிருந்தே குரல் வரும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஓரகத்தி, அந்தப் பக்கம் என் மகள், நடுவில் நாய். மூன்றும் சேர்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தன. என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு உலை வைத்திருக்கலாம். அன்றைக்கே முடிவு செய்தேன். நம் வீட்டிலும் ஒரு நாய் வேண்டும், அவளுடையதைவிடப் பெரிதாக.

கணவர் போனில் ஒரு ஹஸ்கியைக் காட்டினார். நீலக் கண், ஓநாய் முகம். "இதான் கெத்து" என்றார். எனக்கும் பிடித்திருந்தது. அந்தப் பஞ்சு மூட்டையை ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் போலிருந்தது. பொன்னேரியில் குட்டி விற்கிற ஒருத்தரைத் தேடிப் போனோம். கூண்டைத் திறந்து ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்தார். அது இன்னும் சரியாக நிற்கக்கூடப் பழகவில்லை. தாய் எங்கே என்று கேட்டேன்.

"அது வேற எடத்துல கீதும்மா. உனுக்குக் குட்டி வோணுமா, தாய் வோணுமா?"

செவுளைத் தூக்கிக் காட்டாதவனிடம் நான் மீன் எடுத்ததில்லை. குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கணவர் ஊர் வரும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அனுப்பம்பட்டில் ஒரு அம்மா வீட்டிலேயே நாய் வளர்த்துக் குட்டி கொடுக்கிறார் என்று மார்க்கெட்டில் ஒருத்தி சொன்னாள். மகளை அழைத்துக்கொண்டு போனேன். கேட்கும் முன்பே அவர் கொல்லைக் கதவைத் திறந்து தாயைக் காட்டினார். லேப்ரடார். நான் விடாமல் ஹஸ்கி பற்றியே பேசினேன்.

"உங்க ஊர் வெயில்லயும் உப்புக் காத்துலயும் அத்த வச்சி சாவடிக்கப் போறியா?" என்று சிரித்தார்.

ராஜபாளையம் என்றேன்.

"அதுக்கு ஓட எடம் வோணும். ஊர்க் கோழிய எல்லாம் புடிச்சிடும், அப்பால உனுக்குத் தெனம் பஞ்சாயத்துதான். இது அப்பிடி இல்ல. கொயந்தைங்கன்னா உசுரு, தண்ணியப் பாத்தா குஷி. ஆனா திங்கறதுக்கு அளவு தெரியாது, தனியா உட்டா ஏங்கிப் பூடும். பகல்ல வூட்ல யாரு இருப்பாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "பெரிம்மா இருப்பாங்க."

என் நாயையும் அவளே வளர்க்க வேண்டுமா? "நாந்தான் பாத்துக்குவேன். மத்தியானமே வந்துடுவேன்" என்று தேவையில்லாமல் கத்தினேன். மகள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, ஒரு கறுப்புப் பெட்டைக் குட்டியைக் காட்டி இதுதான் என்றாள்.

இன்னும் ஒரு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். "அதுக்குள்ள பாப்பா போத்திக்கினு தூங்குற பழைய துணி ஒண்ணு கொண்டாந்து குடு. தொவைக்காத. அந்த வாசன பயகிட்டா, புது வூட்ல வந்து ராவெல்லாம் அழுவாது."

மறுநாள் மகள் ஒரு பையோடு பொன்னேரிக்கு வந்துவிட்டாள். விற்றது போக மிச்சத்தை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அவளோடு அனுப்பம்பட்டுக்குக் கிளம்பினேன். என் பழைய புடவையில் ஏதோ ஒன்றைக் கொண்டு வந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். நான் எழுந்து போன பிறகு அவள் எதைப் போர்த்திக்கொள்கிறாள் என்று நான் எங்கே பார்த்தேன்? அந்த அம்மா முன்னால் பையைத் திறந்தபோது வெளியே வந்தது ஓரகத்தியின் பச்சைப் புடவை.

"இது இன்னாடி?"

"பெரிம்மாதும்மா. நீ ஏலத்துக்குப் போனப்புறம் இத்தப் போத்திக்கினாதான் எனுக்குத் தூக்கம் வரும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கட்டியிருந்த புடவையின் முந்தானையை இழுத்து, பல்லால் கடித்து, ஒரு முழம் கிழித்தேன். எறா வாடை குப்பென்று அடித்தது.

"இத்தையும் போடுங்கம்மா" என்றேன்.

"ஐயே, இன்னாம்மா நீ!" என்று மகள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அம்மா இரண்டு துணியையும் வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

அந்த வாரம் முழுக்க மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவருக்குப் போன் போட்டேன். குட்டி தின்றதா என்று ஒப்புக்குக் கேட்பேன். பிறகு, எந்தத் துணி மேல் படுத்திருக்கிறது என்று கேட்பேன். முதலில் "பாக்கலம்மா" என்று சமாளித்தார். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

"பச்சை மேலயும் இல்ல, உன்து மேலயும் இல்ல. அது அதோட அம்மா மேல ஏறிப் படுத்துக்கினு கீது. போன வைம்மா."

வைத்துவிட்டேன். பெற்ற குட்டி மேலே ஏறிப் படுத்திருக்க, சுகமாகக் கண்ணை மூடிக் கிடக்கும் அந்த நாயை நினைத்து நினைத்து, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.