சூடு பார்க்கும் கமராவும் என் தங்கச்சியும்

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். அரிசி வாங்கினால் இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறக்கும்போதே அந்தக் குணத்தோடு வந்துவிட்டேன் போலிருக்கிறது. ஆகவே, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, கை படாது என்று பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரத்தை என் தங்கச்சி கொண்டுவந்து நீட்டியபோது, எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. மூன்று நல்லதைச் சத்தமாகச் சொல்கிறவன் நாலாவதை வாய்க்குள் வைத்திருப்பான்.

தங்கச்சிக்கு இடது மார்பில் ஒரு கட்டி. கிணற்றடியில் குளிக்கும்போது சவர்க்காரக் கைக்குத் தட்டுப்பட்டதாம். என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை, புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கள் அம்மாவுக்கும் அதே பக்கத்தில்தான் வந்தது. கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தோம். அதன் பிறகு அம்மா அதிக நாள் இருக்கவில்லை. அதனால் ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்தாலே இவள் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா அதுக்கொரு பேர் வெச்சிருவாங்க அக்கா. பேர் வெச்சாப் பிறகு அது போகாது."

"பேர் வெக்காட்டி அது போயிருமா கா?" என்றேன்.

கடைசியில் அவளே ஒரு பேச்சுக்கு வந்தாள். "இந்தக் கடதாசியில இரிக்கிற மிசின் ஏதும் இரிக்கெண்டு சொல்லட்டும், அடுத்த நாளே உங்களோட ஆஸ்பத்திரிக்கு வாறன். ஒண்டுமில்லையெண்டு சொன்னா என்னை விட்டிரணும்."

வேறு வழியில்லாமல் ஓம் என்றேன். ஆனால் பிரசுரத்தை விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் எறும்பு ஊர்வது போலக் கிடந்த எழுத்துவரைக்கும் படித்தேன். நான் தேடிய நாலாவது அங்கேதான் இருந்தது: மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரேப் படத்துக்கு இது பதிலாகாது. பார்த்தாயா என்று அவளிடம் காட்டினேன். "நீங்க எல்லாத்திலயும் குத்தம் பிடிப்பீங்க" என்றாள்.

மற்றதையும் உரத்து வாசித்துக் காட்டினேன். நோய் வருத்தம் உள்ள இடத்தில் இரத்த ஓட்டம் கூடினால் அந்த இடம் சூடாக இருக்கலாம். கமரா அந்தச் சூட்டைத்தான் படம் பிடிக்கும். அவளுக்கு விளங்கட்டும் என்று அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். பிறகு, செய்யக்கூடாதவை. மார்பிலும் கமக்கட்டிலும் எண்ணெய், கிறீம், பவுடர் ஒன்றும் பூசக்கூடாது. அந்த இடத்தில் சவரம் செய்யக்கூடாது. அன்று காலை சுடுதண்ணீரில் குளிக்கக்கூடாது, தேத்தண்ணி கோப்பி குடிக்கக்கூடாது, வியர்க்க வியர்க்க வேலை செய்யக்கூடாது, இறுக்கமாக உடுத்தக்கூடாது. அதோடு வெயிலும் படக்கூடாதாம்! தங்கச்சி இருப்பது மண்டூரில். அங்கிருந்து இக்கரைக்கு வர வாவியைக் கடக்க வேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வரும் அந்தத் தட்டையான படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். அதில் வெயில் படாமல் வருவதென்றால் தண்ணீருக்கு அடியால்தான் வரவேண்டும்.

ஆனால் வந்தாள். குடையைப் பிடித்து, சால்வையால் கழுத்துவரை மூடி, கண்மட்டும் தெரிய இறங்கினாள். விடியப் பிளேன்ரீ குடிக்காமல் கண் திறக்காதவள், பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தாள். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காத பிள்ளை, அச்சடித்த கடதாசி சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது எனக்கு நெருடியது. பயம்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கையிலிருந்த பையைத் தா, நான் தூக்குகிறேன் என்று கேட்டேன். தரவில்லை. அதையும் பயத்தின் கணக்கிலேயே போட்டேன்.

பட்டினத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே வாடகை அறை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் இளம் பெண் இருந்தாள். நான் நின்றபடியே கேட்கத் தொடங்கினேன். படம் எங்கே போகும்? முகம் விழுமா? யார் யார் பார்ப்பார்கள்? ஆம்பிளை யாரும் உள்ளே வருவார்களா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிப் பதில் சொல்லப் பழகியிருக்கிறாள் என்றால், என்னைப்போல் சந்தேகப்பட்டவர்கள் நிறையப் பேர் வந்து போயிருக்க வேண்டும்.

திரைச்சீலைக்கு உள்ளே ஏசி போட்ட சின்ன இடம். இடுப்புக்கு மேலே உடுப்பைக் கழற்றிவிட்டு, கைகள் உடம்பில் முட்டாமல், கால் மணி நேரம் போலச் சும்மா இருக்க வேண்டும். வெளிச்சூடு அடங்கி, உடம்பு அந்த அறையின் குளிருக்குப் பழகத்தான் அது. அந்தப் பெண் தங்கச்சியைப் பையோடு உள்ளே இருத்திவிட்டு வெளியே வந்தாள். நான் திரைச்சீலைக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்தேன். ஓர் ஈ, காக்காவைக்கூட உள்ளே போக நான் விடவில்லை.

பிறகு அந்தப் பெண் உள்ளே போய் என்னையும் கூப்பிட்டாள். தாங்கியில் பூட்டிய கமரா, பக்கத்தில் திரை.

"கையத் தலைக்கு மேல வையுங்க அன்ரி. இனி மெள்ள மற்றப் பக்கம் கிறுகுங்க."

தொடவே இல்லை. அந்த ஒன்று உண்மைதான். திரையில் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக, சாயம் போன சீலைகளை ஒன்றாக ஊறப்போட்ட மாதிரி என் தங்கச்சி தெரிந்தாள். இடது பக்கத்தில் மட்டும் கடும் நீலத்தில் ஒரு திட்டு. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள்.

"அன்ரி, இந்தப் பக்கம் ஏதும் பூசினீங்களா? தண்ணி கிண்ணி பட்டிச்சா?"

"இல்ல மிஸ்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "பூசக்கூடாதெண்டு வாசிச்சுக் காட்டினதே நான்தான் புள்ள. உங்கட மிசின்ல பிழையெண்டா மிசினப் பாருங்க. நாங்க பொய் சொல்ற ஆக்களில்ல."

அவள் என்னோடு வாதாடவில்லை. இன்னும் சில படங்கள் எடுத்தாள். "சூடு ஒண்டும் தெரியல்ல. ஆனா ஒரு இடம் மட்டும் இப்பிடி நீலமாக் குளிர்ந்து கிடக்கிறதும் சரியில்ல. டொக்டர் பாத்துத்தான் முடிவு சொல்லுவார்" என்றாள். பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பி, "என்ன முடிவு வந்தாலும், கட்டி கைக்குத் தட்டுப்படுதெண்டா ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும் அன்ரி. இத நம்பிக்கொண்டு இருந்திராதீங்க" என்றாள்.

தங்கச்சியின் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். பஸ்ஸில் கச்சான் வாங்கிக் கொறித்தாள், சிரித்தாள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தச் சீலை உடுப்பது என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. தயிர் விற்கிறவள் தன் தயிரை நம்பாதே என்று சொல்வாளா? அந்தப் பெண் ஏன் அப்படிச் சொன்னாள்?

பின்னேரம் அவளை வீட்டில் விட நானும் பாதையில் ஏறினேன். வாங்குப் பலகையில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவளுடைய பை. வாவியின் நடுவுக்கு வந்தபோது என் சீலை தொடையில் நனைந்து குளிர்ந்தது. பையிலிருந்துதான் கசிந்தது. அவள் தடுக்குமுன் திறந்துவிட்டேன். பிழிந்து சுருட்டிய ஈரத்துணி. மூடி சரியாகப் பூட்டாத ஒரு போத்தல். போத்தலின் அடியில் கறுத்துப்போன வேப்பிலை.

எனக்கு அந்தப் போத்தலைத் தெரியும். வைகாசியில் அம்மன் கோயிலில் திருக்குளிர்த்தி நடக்கும்போது நாங்கள் இருவரும் வரிசையில் நின்று பிடித்த தீர்த்தம். கோபத்தில் கொதித்து வந்த அம்மாளை வேப்பிலையும் பூவும் போட்ட நீரால் குளிரப்பண்ணும் சடங்கு அது. அந்த நீரை வருஷம் முழுக்க வீட்டில் வைத்திருப்போம். காய்ச்சல், கொப்புளம் என்றால் தெளிப்போம்.

"என்ன கா இது?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "சூட்டத்தான் படம் பிடிக்கிறாங்க எண்டு நீங்கதானே வாசிச்சீங்க."

"அதுக்கு?"

"நான் கள்ளம் செய்யல்ல அக்கா. சூடு போனா வருத்தமும் போயிருமெண்டுதான் நனைச்சு நனைச்சு வெச்சன். அம்மாள் குளிர வெச்சிட்டா. மிசினே சொல்லிப்போட்டுதே."

நான் கதவைப் பார்த்துக் காவல் இருந்த நேரமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இது நடந்திருக்கிறது. கமராவைச் சந்தேகப்பட்டேன், அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன், அறையின் திரைச்சீலையைக்கூடச் சந்தேகப்பட்டேன். கூடப் பிறந்தவளின் செவுளைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அறைய வேண்டும் போல வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. அம்மாவைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த அன்று வந்த அதே பயம்.

ஆட்கள் இருந்ததால் குரலை இறக்கிச் சொன்னேன்: "இப்ப கைய வெச்சுப் பாரு. கரைஞ்சிருக்கா?"

சால்வைக்குள் கையை விட்டாள். நெடுநேரம் எடுக்கவில்லை. அவளுடைய வாய் கோணியது.

"குளிர்ந்துதான் கிடக்கு அக்கா," என்றாள். "ஆனா கிடக்கு."

பாதை மண்டூர்க் கரையில் முட்டியது. சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் இறங்கின. நாங்கள் எழும்பவில்லை. அவளை இழுத்துக்கொண்டு போக எனக்கு உரிமை இல்லை. மிசின் ஒன்றுமில்லை என்றால் விட்டுவிடுவதாக ஓம் சொன்னவள் நான். மறுகரைக்குப் போகிற சனம் ஏறத் தொடங்கியது. பாதை ஓட்டுகிறவர் எங்களிடம் வந்து, "இறங்கல்லியா அக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல தம்பி, திருப்பி அங்காலதான் போறம்" என்றாள் தங்கச்சி. போத்தலின் மூடியை இறுக்கிப் பூட்டினாள். "எனக்கு மார்பில கட்டி. விடிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

புருஷனுக்குக்கூடச் சொல்லாததை, ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னாள்.