வெண்கட்டித் தூளில் வந்த கோடு

இன்று வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் மணத்தபோது, கொட்டாஞ்சேனையில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த லேத் பட்டறை நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயது, அன்று சனிக்கிழமை. அப்பாவுடைய பழைய காரின் என்ஜினை மேலே மூடும் ஹெட் மேசையில் கிடந்தது. அந்தக் காருக்கு வேறு ஹெட் கிடைக்காது; இதில் வெடிப்பிருந்தால் கார் பழைய இரும்புக்குத்தான் போகும். பட்டறை பாஸ் அதில் மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியின் தூளைத் தூவிவிட்டு, மெஷின்களை நிறுத்தினார்.

"ஒண்டுமில்லைத்தானே பாஸ்?" என்றார் அப்பா.

"பொறுங்கோ ஐயா. வெடிப்பிருந்தா, உள்ள ஊறின எண்ணெய் தானா வெளியில வரும்."

இரண்டு வால்வுத் துளைகளுக்கு நடுவே, உள்ளிருந்து யாரோ எழுதுவதுபோல, ஒரு கறுத்த கோடு மெல்ல நீண்டது. அப்பா அதை விரலால் துடைத்து, தானே மறுபடி தூளைத் தூவினார்.

"துடைச்சாப் போயிடுமா ஐயா?"

அதே இடத்தில் கோடு திரும்ப வந்தது, முன்னைவிட நீளமாக.